பல்லரோவுக்கு வந்த ரபியும் எங்கள் கோயிலுக்கு வரப்போகும் குருக்களும்

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் லண்டனிலிருந்து பலேர்மோவுக்கு, அம்மாவிடம் போவோம். அம்மா இன்னும் பல்லரோ சந்தைக்குப் பின்னால், நான் பிறந்து வளர்ந்த அதே மூன்றாம் மாடி வீட்டில்தான் இருக்கிறா. காலை ஏழு மணிக்கெல்லாம் கீழே மீன்காரர் கூவத் தொடங்கிவிடுவார். என் 7 வயது மகளுக்கு அது அலாரம். எனக்கோ அதைக் கேட்டால் இன்னும் அரை மணி நேரம் நல்ல நித்திரை வரும்.

இந்த முறை அம்மாவுக்கு ஒரு பெரிய பானை வாங்க வேண்டியிருந்தது. பானை சட்டி என்றால் பலேர்மோவில் கால்தெராய் தெருதான். பல்லரோவிலிருந்து மக்குவேதா வீதியைக் கடந்தால் சில நிமிட நடை. மகள் கையில் பனெல்லே: கடலைமாவைக் காய்ச்சி, துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருவார்கள். எங்கள் கடலைமா பஜ்ஜியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். அதைக் கடித்தபடி வந்தவள் தெரு முனையில் நின்றுவிட்டாள். பெயர்ப்பலகையில் மூன்று விதமான எழுத்து. முதலாவது இத்தாலியன், அது அவளுக்குத் தெரியும். அடுத்தது ஹீப்ரு, அதற்கும் அடுத்தது அரபு என்று சொன்னேன்.

"ஏன் தமிழ் இல்லை? இங்க எவ்வளவு தமிழ் ஆக்கள் இருக்கினம்!"

நல்ல கேள்விதான். 80களில் தொடங்கி ஈழத்தமிழர் வந்து குடியேறிய ஊர் இது. பல்லரோவில் நின்று தமிழில் ஒருவரைத் திட்டினால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மம்மாட்டக் கேள்" என்று நான் தப்பித்துக்கொண்டேன். அம்மா ஒரு பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னா: "எங்களுக்கு முதல் அவை இருந்தவை. அனுப்பினாப் பிறகு ஒரு பலகையாவது போடத்தானே வேணும்."

அவை என்றது யூதர்களை. நான் பலேர்மோவில் பள்ளிக்கூடம் போன 13 வருடத்தில் இந்தத் தெருவை எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. அங்கே யார் இருந்தார்கள் என்று யோசித்ததே இல்லை. இந்த வருடம் யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் 1487.

அந்த வருடக் கோடையில் பெர்த்தினோரோ என்ற வட இத்தாலி ஊரைச் சேர்ந்த ரபி ஒருவர் கடல் வழியாகப் பலேர்மோவில் வந்து இறங்கினார். பெயர் ஒபதியா. எருசலேமுக்குப் போகிற வழி. அங்கிருந்து போன பிறகு தன் தகப்பனாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 500 வருடத்துக்கு முந்தைய பலேர்மோ யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும் பங்கு அந்தக் கடிதத்தால்தான். சுமார் 850 குடும்பங்கள், எல்லாரும் ஊரின் நல்ல பகுதியில் ஒரே தெருவில். தொழில்? செம்புப் பாத்திரம் செய்பவர்கள், இரும்படிப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், கூலிகள். கிழிந்த உடுப்போடு திரிவதால் ஊர்க்காரர்கள் அவர்களை மதிப்பதில்லை என்றும் எழுதுகிறார். நெஞ்சில் ஒரு பொற்காசு அளவு சிவப்புத் துணி குத்திக்கொள்ள வேண்டும். அரசாங்க வேலை வந்தால் கட்டாயமாகப் போய்ச் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கூலிகள் கட்டிய தொழுகைக்கூடம் போல ஒன்றைத் தான் எங்கும் கண்டதில்லை என்கிறார். வெளி முற்றத்தில் தூண்களில் திராட்சைக் கொடி படர்ந்திருந்ததாம். அதன் தண்டு எத்தனை சாண் என்று அளந்துகூடப் பார்த்திருக்கிறார் மனிசன்.

கால்தெராய் என்றாலே கொப்பரை செய்பவர்கள் என்றுதான் அர்த்தம். அம்மா பானை வாங்கும் தெருவில் இன்றைக்கும் கடைவாசல்களில் பாத்திரம் தொங்குகிறது. செய்த கைகள்தான் இல்லை.

எனக்கு அந்தக் கடிதத்தில் பிடித்த இடம் வேறு. வழிப்போக்கராக வந்தவரை அந்தச் சனங்கள் சப்பாத் நாட்களில் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். அவர் பேசினார். கூட்டம் சேர்ந்தது. கடவுளே அனுப்பிவைத்த தீர்க்கதரிசி என்று சாதாரண சனம் சொல்லத் தொடங்கியது. அவருடைய உடுப்பிலிருந்து ஒரு துண்டு கிடைத்தால் ஞாபகமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவருடைய சட்டையைத் தோய்க்கக் கிடைத்த பெண்ணை மற்றப் பெண்கள் பாக்கியசாலி என்றார்களாம். கிறிஸ்தவர்கள் தங்கள் புனிதர்களை நடத்துவதுபோல என்னை நடத்துகிறார்கள் என்று அவருக்கே ஒரு சங்கடம். ஒரு வருடமாவது வைத்திருந்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பெரிய சம்பளம் தருகிறோம் என்றார்கள். மனம் முழுக்க எருசலேமில் இருந்த அவர் வேண்டாம் என்றுவிட்டு, அந்த இலையுதிர் காலத்திலேயே அலெக்சாந்திரியா போகும் கப்பல் ஒன்றில் ஏறிவிட்டார்.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றைப் பிசைந்தது. சட்டை தோய்க்க வரிசையில் நிற்பது, கூடச் சம்பளம் பேசுவது, கடைசியில் கப்பல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. இந்தக் கமிட்டி எனக்குத் தெரிந்த கமிட்டி.

ஒபதியா 1488இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த சிதைந்த சமூகத்தை நிமிர்த்தினார். மிஷ்னா என்ற யூத நூலுக்கு அவர் எழுதிய உரையை இன்றும் அந்த நூலோடு சேர்த்தே அச்சடிக்கிறார்கள். பலேர்மோக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் போய் 5 வருடத்தில், 1492இல், அரகோன் அரசர் பெர்தினாந்தின் ஆணை வந்தது. சிசிலி அவர் ஆட்சியில் இருந்தது. 1493 ஜனவரி 12க்குள் யூதர்கள் தீவை விட்டுப் போக வேண்டும், அல்லது மதம் மாற வேண்டும். செம்படிப்பவர்களும் மூட்டை தூக்குபவர்களும் இல்லாமல் தீவின் தொழில்கள் படுத்துவிடும் என்று அதிகாரிகளே அரசருக்கு எழுதிப் பார்த்தார்கள். பலனில்லை.

அதற்குப் பிறகு 500 வருடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. 2017 ஜனவரி 12, அதே தேதி, பலேர்மோ பேராயர் கொராடோ லொரெஃபிசே ஒரு பழைய செபக்கூடத்தை யூத சமூகத்தின் பாவனைக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மெஸ்கித்தா சந்தில், பழைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தை ஒட்டி இருக்கிறது. அதன் பெயர் சாந்தா மரியா தெல் சாபத்தோ, சனிக்கிழமை மாதா. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். இப்படி ஒரு பெயரைக் கதையில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

அங்கே அப்போது இருந்த யூதர்கள் ஒரு சிலர்தான். நிர்வாக ரீதியாகத் தெற்கு இத்தாலி முழுக்க நேப்பிள்ஸ் யூத சமூகத்தின் கீழ்தான் வருகிறது. எவலின் அவாத்தே என்ற பெண்மணி பல வருடம் இந்தச் சிறு கூட்டத்தை ஒன்றாக வைத்திருந்தவர். பண்டிகை என்றால் வெளியூரிலிருந்து ஒரு ரபி வருவார், முடிந்ததும் போவார். ஒருகாலத்தில் இன்குவிசிஷன் விசாரணைச் சிறையாக இருந்த ஸ்தேரி மாளிகையில் ஹனுக்கா விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் விளக்கு ஏற்றுவது ஒரு மாலை வேலை. கட்டடத்துக்குப் பழுது பார்க்கலாம், பணம் சேர்க்கலாம். ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்து, இந்த ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மரக்கறி விலை பேசப் பழகி, இருந்துவிடுவது வேறு விஷயம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரபி என்பவர் பூசகர் இல்லை. படித்தவர், படிப்பிப்பவர், மத விதிகளில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்பவர். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் முன்னின்றால் போதும். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1568இல் கொச்சியில் கட்டிய பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்கள் நூற்றாண்டுக்கணக்காக ரபி என்று ஒருவர் இல்லாமலே, பெரியவர்களை வைத்து எல்லாம் நடத்தினார்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போன பிறகு அவர்களுக்குத் தட்டுப்பட்டது ரபி அல்ல, அந்தப் பத்துப் பேர். சுற்றுலா வந்த யூதர்களைச் சேர்த்து எண்ணிக்கை காட்டிய காலமும் இருந்தது.

நம்முடைய கதை தலைகீழ். லண்டனில் எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை 300 பேர் நிற்பார்கள். குருக்கள் இல்லை என்றால் கதவு திறக்காது.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். நான் அந்தக் கோயிலின் பரிபாலன சபையில் இருக்கிறேன். கோயிலின் பெயர் வேண்டாம். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். சபையில் 40 வயதுக்குக் கீழே இருப்பது நானும் இன்னொருவரும். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் விசா விண்ணப்பம், வாட்ஸ்அப் குழு, கணக்கு ஷீட் எல்லாம் என் தலையில். நாலு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குருக்களை எடுத்தோம். தற்காலிக மத ஊழியர் விசா, 24 மாதம். அவர் முதலில் தனியே வந்தார். பூரணகும்பம், மேளம், மாலை, பொன்னாடை எல்லாம். பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். அவர் பூசை செய்தால் கண்ணில் தண்ணீர் வரும், அது உண்மை.

ஐந்து மாதம் கழித்து மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அது ஒரு ஜனவரி. விமான நிலையத்துக்குப் போனது குருக்களும் கோயில் வானும் மட்டும். கோயிலுக்கு மேலே, சமையலறைக்குப் பின்பக்கம் இரண்டு அறை. அரிசி, மரக்கறி, காஸ் பில் எல்லாம் கோயில் பார்த்துக்கொள்ளும். இதில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். என் ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் பச்சை.

ஒரு பின்னேரம் பிரசாதப் பாத்திரம் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது ஐயரம்மா கேட்டா: "தங்கச்சி, இஞ்ச பின்னேரங்களில ஆரோடையும் கதைக்கலாமோ?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் ஐயரம்மா, வாட்ஸ்அப் குறூப்பில சேர்த்துவிடுறன்" என்றேன். சேர்த்தும் விட்டேன். 200க்கு மேல் ஆட்கள், தினமும் காலை ரோஜாப்பூப் படமும் 'இனிய காலை வணக்கமும்' அனுப்பும் குழு அது.

இன்னொன்று உண்டு, இதைச் சபையில் நான் சொன்னதில்லை. அவர்களுடைய மூத்த பெடியனுக்கு 9 வயது. வருடத்தின் நடுவில் வந்த பிள்ளை என்றால் உள்ளூராட்சி சபைக்கு விண்ணப்பம் போட்டுப் பள்ளிக்கூட இடம் எடுக்க வேண்டும். படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் பெரிய ரிலீஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. படிவம் என் மெயிலில் கிடந்தது. அந்தப் பெடியன் மூன்றரை மாதம் வீட்டில் இருந்தான். கோயிலுக்கு வரும்போதெல்லாம் மண்டபத்தில் தனியாகப் பந்து உருட்டிக்கொண்டிருப்பான். நான் அவனுக்குச் சொக்லெட் கொடுத்துவிட்டுப் போவேன்.

24 மாதம் முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மேற்கொண்டு இருக்க வழி பார்க்கலாம் என்று சபை கெஞ்சியது, சம்பளத்தைக் கூட்டுகிறோம் என்றும் சொன்னது. குருக்கள் மரியாதையாகச் சிரித்தார். "அவருக்குக் காசு காணாது போல" என்று பிறகு மண்டபத்தில் கதைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் என் டீமில் இருக்கும் ஒரு யூத நண்பர் ஒரு சனிக்கிழமை தங்கள் தொழுகைக்கூடத்துக்கு வரச் சொன்னார். அவர்கள் ஒரு உதவி ரபியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தலைமை ரபிக்கு வயதாகிறது. இளையவர்களைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்க, 12, 13 வயதுப் பிள்ளைகளைச் சடங்குக்குத் தயார்செய்ய ஒருவர் வேண்டும். அந்த வாரம் ஒருவர் தன் குடும்பத்தோடு மாதிரிக்கு வருகிறார் என்றார். மாதிரிக்கா? ஆமாம், குடும்பத்தோடு.

நான் வடை சுட்டுக்கொண்டு வரட்டா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். கோஷர் விதிப்படி வெளிவீட்டுச் சமையல் உள்ளே வரக்கூடாது. போனையும் வெளியே எடுக்காதே, ரபி கை கொடுக்கமாட்டார், கோபிக்காதே என்று ஒரு பட்டியல். வாசலில் பாதுகாப்புக்கு நின்ற தொண்டர்களிடம் என் பெயரும் மகளின் பெயரும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது.

எனக்கு ஆச்சரியம் தந்தது பிரசங்கம் இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது, பாதி விளங்கவில்லை. அந்தக் குடும்பத்துக்காக அவர்கள் போட்டிருந்த திட்டம்தான் ஆச்சரியம். சப்பாத் அன்று கார் ஓட்டமாட்டார்கள், அதனால் நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். வெள்ளி இரவுச் சாப்பாடு ஒரு வீட்டில், சனி மதியம் இன்னொரு வீட்டில். இரண்டு வீட்டிலும் அவர்கள் பிள்ளைகளின் வயதில் பிள்ளைகள். வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள், ஏனென்றால் வெள்ளி காலை பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய மனைவி ஒரு பிசியோதெரபிஸ்ட். இந்தப் பக்கம் வேலை எப்படி என்று விசாரிக்க, சபையிலேயே அதே துறையில் இருக்கும் ஒரு பெண்ணோடு தேநீருக்கு ஏற்பாடு. உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போயிருந்தது: நாம் வேலைக்கு எடுப்பது ஒருவரை, இருவரை அல்ல. மனைவியிடம் வேலை சம்பந்தமான கேள்வி கேட்காதீர்கள்.

இருந்தும் ஒரு வயதான அம்மா கேட்டுவிட்டார். வழிபாடு முடிந்து எல்லாரும் கேக்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டு நின்ற நேரம். "ஞாயிறு வகுப்பு நீங்கள் எடுப்பீர்கள்தானே, கண்ணே?" அந்தப் பெண் பதில் தேடித் திணறும்போது, சபைத் தலைவி பக்கத்திலிருந்து, "அவங்க விரும்பினால், எப்போதாவது. இப்போ அவங்க கேக் சாப்பிடுறாங்க" என்று சொல்லி அம்மாவை மெல்ல அப்பால் கூட்டிப்போனார். எங்கள் மண்டபத்தில் அந்த வேலையைச் செய்ய யாரும் இருந்ததில்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பம் வரவில்லை. மான்செஸ்டரில் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம் கிடைத்துப் போய்விட்டார்கள். என் நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் அதிர்ச்சி இல்லை. "நாங்களும் பார்க்கிறோம், அவர்களும் பார்க்கிறார்கள்" என்றார். அதன் பிறகு வந்த மூன்றாவது குடும்பம்தான் இப்போது அங்கே இருக்கிறது.

எங்கள் சபையில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் உடனே மறுத்தார். மரியாதைக்குரியவர், கோயில் கட்ட வீட்டை அடகு வைத்தவர். "பிள்ளை, எங்கட மனிசிமாரை ஆர் வரவேற்றது? தாங்களாத்தானே பழகினவை" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் ஓகஸ்ட்டில் பலேர்மோவுக்குக் கொண்டுபோனேன்.

பானையோடு திரும்பி வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் வந்த அன்றைக்கு ஆர் வந்தது?

அம்மா பல்லரோவுக்கு வந்தது 1987 மார்கழியில். ஒபதியா வந்து சரியாக 500 வருடம் என்று நான் சொன்னேன், அவவுக்கு அதில் அக்கறை இல்லை. அப்பா ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், லீவு கிடைக்கவில்லை. வந்து இறங்கிய இரவு, தனியாக, மூன்றாம் மாடியில். கதவு தட்டுப்பட்டது. திறக்கப் பயம். வெளியே ஒரு பெண் குரல் தமிழில்: "நான் கீழ் வீடு. ரசம் கொண்டு வந்தனான். பயப்பிடாதை, திற."

மானிப்பாய் அக்கா என்றுதான் எங்கள் வீட்டில் அவவுக்குப் பெயர். அடுத்த நாள் காலை அம்மாவைப் பல்லரோவுக்குக் கூட்டிப்போனா. எந்தக் கடைக்காரன் நிறுவையில் விரலை வைப்பான், எவன் கொத்தமல்லியைச் சும்மா தருவான், கறிவேப்பிலை இல்லாமல் எப்படிச் சமாளிப்பது. விரலைப் பிடித்து எண்ணிக் காட்டினா: ஊனோ, தூயே, த்ரே. ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லக்ரீனோ மலைக்கு ஏற்றிப்போய் சாந்தா ரொசாலியாவைக் காட்டினா. சைவமாகப் பிறந்த அம்மா இன்றைக்கும் அந்த மலை ஏறுகிறா. பலேர்மோவில் நம்மவர் பலர் அப்படித்தான். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றதும் மானிப்பாய் அக்காதான். பிறகு அடுத்த வருடம் எதிர் வீட்டுக்கு ஒரு புதுப் பெண் வந்தபோது ரசத்தோடு படி ஏறியது அம்மா.

"அதைப் போய் வரவேற்பு எண்டு சொல்லுறியோ?" என்று அம்மா கேட்டா. "அது சும்மா ரசம்."

ஐயரம்மாவின் கதையையும், மெயிலில் கிடந்த படிவத்தின் கதையையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரிடம் முழுதாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு: "மனுசனுக்குப் பொன்னாடை போத்தினா மனிசிக்குச் சோறு இறங்குமோ?" அவ்வளவுதான் சொன்னா. பானையை மற்றக் கைக்கு மாற்றினா.

யோசித்துப் பார்த்தால் நம் மரபே அவவை எண்ணிக்கையில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. குருக்களுக்கு ஆசார்ய அபிஷேகம் செய்யும்போது மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும். சடங்கில் தேவைப்படும் ஆளை விமான நிலையத்தில் மறந்துவிட்டோம்.

செப்டெம்பர் கூட்டத்தில் நான் மானிப்பாய் அக்காவின் கதையைச் சொன்னேன். பெரியவர் நீண்ட நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டுக்கு சங்கானை மாமி வந்தவ" என்றார், யாரிடமும் இல்லாமல். அவருடைய மனைவிதான் இப்போது வரவேற்புப் பொறுப்பை எடுத்திருக்கிறா. பொருளாளரோடு வாடகை விஷயத்தில் இன்னும் இழுபறி. கோயிலுக்கு மேலே அறை சும்மா கிடக்க வெளியே ஏன் வீடு என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கணக்கை நானும் பார்த்தேன். தெருவோடு கதவுள்ள ஒரு வீடு வேண்டும் என்பதை மட்டும் நான் விடுவதாக இல்லை. ரசத்தோடு வருகிறவள் கோயில் சமையலறையைத் தாண்டியா போவாள்?

புதிய குருக்கள் குடும்பம் முதலில் இரண்டு வாரம் வந்து பார்க்கிறார்கள். திருவிழா இல்லாத இரண்டு வாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம், திருவிழாவில் யாரும் யாரையும் பார்க்கமுடியாது. இதை எழுதும்போது அவர்கள் வர இன்னும் மூன்று வாரம். பள்ளிக்கூடப் படிவம் இந்த முறை என் மெயிலில் இல்லை. அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது.

பழைய ஐயரம்மாவுக்கும் எழுதினேன். மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, நாலாவது முறை படிவத்தைப் பற்றி நேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மகன் கிரிக்கெட் விளையாடும் படம் ஒன்று. கீழே, "அவன் உங்களைச் சொக்லெட் அன்ரி எண்டு சொல்லுறவன்." மன்னித்தாவா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு புதிய ஐயரம்மாவோடு வீடியோவில் கதைத்தேன். அவருடைய சம்பளம், பூசை நேரம் எதையும் எடுக்கவில்லை. நீங்கள் என்ன செய்யிறனீங்கள் என்று கேட்டேன். முன்பள்ளி ஆசிரியை. கணவருடைய வேலைக்காக லண்டனிலிருந்து பலர் தங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள், தன்னை இப்படிக் கேட்பது நான்தான் முதல் ஆள் என்று சிரித்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்டு கேட்கட்டோ? மகளுக்கு இஞ்ச ஒரு பூனை. கொண்டு வரேலாது எண்டு சொல்லிப்போட்டன், ரெண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்லை. அங்க ஆரும் பூனை வளக்கினமோ?"

நான் பதில் சொல்ல முன், என் மகள் பக்கத்தில் வந்து திரைக்குள் தலையை நுழைத்து, பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் தோட்டத்துக்கு வந்து படுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல் கேட்டது.

"என்ன கலர்?"